சூசை அண்ணாச்சியிடம் இல்லாத ஜீன்

போன மாதம், மரபணுப் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து, "மேடம், ரிசல்ட் நல்ல ரிசல்ட்தான். அந்தக் குடும்பத்துக்குப் போன்லயே சொல்லிடலாமா?" என்று கேட்டார். நான் அப்போது பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதைப் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்ல முடியாது. இப்போது உட்கார்ந்து சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டைக்காரி. அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கல்லூரி முடித்ததும் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் அறை வாசலில் காத்திருக்கும் வேலைக்குப் போனேன். பிற்பாடு மரபணுப் பரிசோதனை செய்யும் ஒரு பெங்களூரு நிறுவனத்துக்கு மாறினேன். ஓய்வு பெறும்வரை தெற்குக் கடற்கரை முழுக்க என் பொறுப்பு.

மாறிய புதிதில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் எங்கள் பரிசோதனையை விற்கப் போனேன். எந்த நோயாளிக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று ஜீனைப் பார்த்துச் சொல்லும் பரிசோதனை. பளபளப்பான படங்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "இது எப்படி வந்தாலும் நான் எழுதப்போறது அதே மாத்திரையைத்தான். அப்ப வெளிய உக்காந்திருக்கிற அந்த அம்மா கையில எதுக்கு நான் ஊசி குத்தணும்?" படங்களை எடுத்துப் பைக்குள் வைத்தேன். "பதில் இருக்கிற பரிசோதனை வரும்போது வாங்க" என்றார். வந்தபோது போனேன். வாங்கினார். அதன் பிறகு எனக்குச் சந்தேகம் என்றால் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். பரிசோதனை முடிவுகளைக் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்வதற்கென்றே அவர் தனியாகப் படித்துத் தேறியிருந்தார்.

நாளாக ஆக எங்கள் வியாபாரத்தின் போக்கு மாறியது. நோயாளிகளைவிட மருந்து கண்டுபிடிக்கும் கம்பெனிகள் எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் ஆனார்கள். ஒரு ஜீனின் வேலையை நிறுத்தி வைக்கும் மருந்தைச் செய்வதற்குப் பல வருடம் ஆகும், கொட்டிச் செலவழிக்க வேண்டும். கடைசியில் அது ஆளுக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆனால் பிறவியிலேயே அந்த ஜீன் வேலை செய்யாமல், நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக நடமாடும் ஒரு மனிதர் கண்ணில் பட்டுவிட்டால் அவர்களுக்குப் பாதி தைரியம் வந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்களில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைப்பார்கள். அதனால் எங்கள் கடற்கரை ஊர்களின் பெயர்களை எங்கெங்கோ இருக்கிறவர்கள் உச்சரிக்கப் பழகினார்கள்.

அப்படித்தான் ஆலந்தலையில் ஒரு முகாம் போட்டோம். திருச்செந்தூருக்குப் பக்கத்து மீனவர் ஊர். பங்குத்தந்தை பூசை முடிந்ததும் அறிவித்தார். கோயில் பக்கத்து மண்டபத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துச் சொன்னோம். மருந்து ஆராய்ச்சிக்காக ஜீனையும் பார்ப்போம் என்று தமிழில் விளக்கி, சம்மதித்தவர்களிடம் மட்டும் அதற்கான ரத்தம் எடுத்தோம். அதில் ஒருவர் சூசை அண்ணாச்சி. சொந்தமாக ஃபைபர் படகு, உரத்த குரல், வரிசையில் நிற்கும்போதே நாலு பேரைச் சிரிக்க வைக்கிற ஆள். "ஏலே, பாத்து எடு. நாளைக்குக் கடலுக்குப் போவ கொஞ்சம் மிச்சம் வையி" என்று ஊசி குத்தியவரிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை மதியம், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது. பெண் குரல்.

"மேடம், நான் ரெஜினா பேசுதேன், ஆலந்தலை. சூசை பொஞ்சாதி. நீங்கதான வந்து ரெத்தம் எடுத்திய? எம் புருசனுக்கு என்ன இல்ல? அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பெங்களூரு அலுவலகத்தில் கார்த்திக் என்று ஒரு இளம் விஞ்ஞானி. கோயம்புத்தூர்ப் பையன், கெட்டிக்காரன், தங்கமான மனசு. நாங்கள் வருடக்கணக்காகத் தேடிய ஆளை அவன்தான் கணினியில் கண்டுபிடித்தான். இன்னொரு தடவை ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும், குடும்பத்தில் மற்றவர்களுக்கும் பார்க்க வேண்டும். முகாமில் எழுதி வாங்கிய எண்ணுக்கு அவனே நேராகப் போன் அடித்துவிட்டான். அண்ணாச்சி அப்போதுதான் கரையேறி, ஏலத்துக்கு மீனைக் கொட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் மீன் வழவழப்பு. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். கரை முழுக்கக் கேட்கும்படி போன் கத்தியது: "வாழ்த்துகள் சார்! உங்க உடம்புல ஒரு ஜீன் சுத்தமா இல்ல சார்!"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஆலந்தலையில் ஆளாளுக்கு ஒரு சீக்கைச் சொன்னார்கள். மறுநாள் அது அதே கரையில் இருக்கும் மணப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் விபரீதம். அண்ணாச்சியின் ஒரே மகள் மெர்லினை மணப்பாட்டில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஜெனிஸ்டன் சரக்குக் கப்பலில் வேலை. கோயிலில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. உங்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசிப்பார்கள், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று. அதற்குத்தான் ஓலை என்று பெயர். மாப்பிள்ளையின் அம்மா ரெஜினாவைக் கூப்பிட்டு, "பரம்பரைச் சீக்குன்னு சொல்லுதாங்களே, ரெண்டாவது ஓலைய இப்பம் வாசிக்க வேண்டாம்னு சாமியார்ட்ட சொல்லியிருக்கோம்" என்று சொல்லிவிட்டார்.

"அவரு வாயத் தொறக்க மாட்டேங்காரு மேடம்" என்றார் ரெஜினா. "படகுக்குள்ளயே போய் உக்காந்திருக்காரு. கடலுக்கும் போவல. நீங்க ஒரு வார்த்த மணப்பாட்டுக்குப் பேசுங்க. நம்பர் தாரேன். படிச்சவங்க சொன்னா நம்புவாங்க."

டப்பாவை மூடிவிட்டு கார்த்திக்கைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். "மேடம், இது நல்ல விஷயம் மேடம். ரத்தத்துல கொழுப்பை ஏத்திவிடுற ஒண்ணை அவர் உடம்பு தயாரிக்கவே இல்ல. அது இல்லாமயே நல்லா இருக்கார். நான் சந்தோஷத்துலதான்..." என்று நிறுத்திவிட்டான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திட்டுவதற்கு நேரமும் இல்லை.

அடுத்து எங்கள் மேலாளர். அவருக்கு வேறு கவலை. மருந்துக் கம்பெனியிலிருந்து ஆட்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். அதற்குள் அந்தக் குடும்பத்து ரத்தம் கையில் இருக்க வேண்டும் என்பது பேச்சு. "இதுல என்ன பிரச்சினை? நல்ல செய்திதானே. நீங்க நேர்ல போங்க. மாப்பிள்ளை வீட்டுல ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அவருக்கு ஹார்ட் அட்டாக்கே வராதுன்னு சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க. அப்படியே எல்லாருக்கும் சாம்பிள் எடுத்துட்டு வந்துருங்க."

இங்கேதான் நீங்கள் என் இடத்தில் உங்களை வைத்துப் பார்க்க வேண்டும். மனைவி கெஞ்சுகிறார். மேலாளர் சொல்லச் சொல்கிறார். மாப்பிள்ளை வீட்டு எண் என் கையில் இருக்கிறது. சொல்லப்போவது கெட்ட செய்தியும் இல்லை. ஒரு போன் போதும். உண்மையைச் சொன்னால், அந்த எண்ணைப் போனில் பாதிவரை அழுத்தியும் விட்டேன்.

நிறுத்தியதற்குக் காரணம் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. அந்த அம்மா போனை எடுத்தால் முதலில் என்ன கேட்பார் என்று யோசித்தேன். "அப்பம் பொண்ணுக்கு?" என்றுதான் கேட்பார். எனக்குத் தெரியாது. மெர்லின் என்னிடம் ரத்தமும் தரவில்லை, அனுமதியும் தரவில்லை. அதை விடுங்கள், அண்ணாச்சிக்கே நாங்கள் இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை. தன் உடம்பில் என்ன இல்லை என்று தெரியாமல் ஒரு மனிதர் படகுக்குள் உட்கார்ந்திருக்கிறார், நான் அதை மணப்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். போதாததற்கு, முடிவு இரண்டாம் தடவை உறுதியாகவும் இல்லை. மாரடைப்பே வராது என்று சொல்ல எங்கள் ஆராய்ச்சியில் யாருக்கும் உரிமை இல்லை.

மேலாளரிடம் திரும்பப் பேசினேன். "ரத்தம் எடுக்க யாரும் இப்போதைக்கு ஆலந்தலைக்குப் போகமாட்டாங்க சார். மருந்துக் கம்பெனிக்காரங்க வர்றதைத் தள்ளிப் போடச் சொல்லுங்க."

"இந்த ஒப்பந்தம் போச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

தெரியும்தான். எனக்குக் கீழே இருந்த அத்தனை பேருக்கும் அதில்தான் சம்பளம். பிறகு ரெஜினாவைக் கூப்பிட்டு, "மணப்பாட்டுக்கு நான் பேச மாட்டேன்மா. ஆனா சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வாரேன், ஒரு டாக்டரோட. முதல்ல அண்ணாச்சிக்குத் தெரியட்டும். பொறவு யாருக்குச் சொல்லணும்னு அவரே சொல்லட்டும்" என்றேன். அவர் படக்கென்று போனை வைத்துவிட்டார். கோபம்.

டாக்டரம்மா உடனே வருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. "வண்டியில ஊசி, குளிர்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. நாம எடுக்க வந்திருக்கோம்னு அவங்களுக்குத் தோணிட்டா நான் சொல்றது எதுவும் காதுல ஏறாது." கார்த்திக்கும் ரயிலேறி வந்து சேர்ந்தான். யாரும் வரச் சொல்லவில்லை. "நான்தானே மேடம் சொன்னேன்" என்றான்.

நாங்கள் போனபோது அண்ணாச்சி வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் தரையைப் பார்த்தபடி இருந்தார். முகாமில் பார்த்த ஆளா இது என்று இருந்தது. தாடி வளர்ந்து, தோள் சரிந்து. ரெஜினா குசினி வாசலில் நின்றுகொண்டார். மெர்லின் மட்டும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து எங்களை நேராகப் பார்த்தாள்.

டாக்டரம்மா ஜீன் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. நாற்காலியை அண்ணாச்சிக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணாச்சி, நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன இல்லன்னு நெனச்சிய?"

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்க அப்பா கடைசியில ஆளத் தெரியாமப் போய்ட்டாரும்மா. என்னையப் பாத்து, நீ யாருலேன்னு கேட்டாரு. பெத்த மவன. கரைக்குப் போனா வீட்டுக்கு வழி தெரியாது. தேடிக் கூட்டிட்டு வருவோம். அவருக்கு இல்லாமப் போனதுதான் எனக்கும் இல்லன்னு அந்தத் தம்பி சொல்லுதாருன்னு நெனச்சேன். இப்பமே ரெண்டு நாளா சாவிய எங்க வச்சேன்னு தெரியல."

ரெஜினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் இது புதிது. நாங்கள் எல்லோரும் கல்யாணத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி அந்த வாரம் முழுக்க வேறொரு பயத்தோடு தனியாகக் கிடந்திருக்கிறார். திங்கட்கிழமை நான் மணப்பாட்டுக்குப் பேசியிருந்தால் கல்யாணம் ஒருவேளை சரியாகியிருக்கும். இந்தப் பயம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல அண்ணாச்சி" என்றார் டாக்டரம்மா. அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக. "இவங்க பாத்தது ரத்தத்துல கொழுப்பு ஏத்துற சமாச்சாரம். மறதியைப் பத்தி இவங்க பாக்கவே இல்ல. கொழுப்பு சாப்பிட்டா எல்லாருக்கும் ரத்தத்துல ஏறும். அத ஏத்தி வைக்கிற ஒரு பொருள உங்க உடம்பு செய்யல. பொறந்ததுல இருந்தே செய்யல. அது இல்லாமத்தான் இத்தன வருசமும் கடலுக்குப் போயிருக்கிய."

அண்ணாச்சி முதல் தடவையாக நிமிர்ந்தார். "அப்பம் சீக்கு இல்லையா?"

"இல்ல. ஆனா மாரடைப்பே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். பீடிய விடுங்க. இது உண்மைதானான்னு இன்னொரு தடவ பாத்தாத்தான் உறுதியா தெரியும். அதுக்கு ரத்தம் தரலாம், தராமலும் இருக்கலாம். இன்னைக்கு நாங்க கேக்கல. வண்டியில ஊசியே இல்ல."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அப்படி ஒரு மூச்சு. பிறகு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, "சாவி சட்டப் பையிலதான் இருந்திச்சு" என்றார். மெர்லின் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "டாக்டர், எனக்கும் இருக்குமா?"

"எல்லாருக்கும் இது அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பங்கா வரும். அப்பாகிட்ட இருந்து வேலை செய்யாத ஒரு பங்கு உனக்கு வந்திருக்கும். அம்மாவும் அப்பாவுக்குச் சொந்தம்ங்கிறதால அவங்க பக்கத்துல இருந்தும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். எப்படி இருந்தாலும் இது நோய் இல்ல."

"மணப்பாட்டுக்குச் சொல்லணுமா?"

"கட்டாயம் இல்ல. அது அப்பாவோட விஷயம்."

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் கொஞ்சம் யோசித்தார். "மாப்பிள அம்மைட்ட நான் பேசிக்கிடுதேன். அந்தப் பையன்ட்ட நீயே சொல்லு ஏளா. நேரா சொல்லு, மறைக்காத."

மெர்லின் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஜெனிஸ்டனின் கப்பல் எந்தத் துறைமுகத்திலோ நின்றுகொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் அவன் குரல் விட்டுவிட்டு வந்தது. அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் அவன் பேசினான். எங்களுக்கும் கேட்டது.

"இதுதானா? எங்கம்மா சீக்குன்னு மட்டும்தான் சொன்னாங்க. உனக்கு என்னைப் பிடிக்கல, அதான் இப்பிடி ஒரு காரணம் கண்டுபிடிச்சிருக்கியன்னு நான் நெனச்சேன். இங்கன ஒரு வாரமா யார்ட்டயும் பேசல நான். கேப்டன் என்னலே ஆச்சுன்னு கேக்காரு."

"லூசு" என்றாள் மெர்லின். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாச்சி சம்பந்தியம்மாவிடம் தன் பழைய உரத்த குரலில் பேசினார். கார்த்திக் அவர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டான். பாவம், மனப்பாடம் செய்து வந்திருந்தான் போல, பாதியில் மறந்துவிட்டது. அண்ணாச்சி அவன் தோளில் கை போட்டார். "தம்பி, நீ அன்னைக்கு அவ்வளவு சந்தோசமாச் சொன்னியா, எனக்கு லாட்டரியில ஏதோ விழுந்துட்டுன்னுதான் மொதல்ல நெனச்சேன். பொறவுதான் இல்லங்கிறது காதுல விழுந்திச்சு. சாப்பிட்டியாலே?" அன்று அந்த வீட்டில் நாங்கள் சாப்பிட்ட சீலா மீன் குழம்பை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ரெஜினா என் தட்டில் கேட்காமலே போட்டுக்கொண்டிருந்தார். கோபம் தீர்ந்தது என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது காயல்பட்டினத்தில் டாக்டரம்மா டீக் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தச் சொன்னார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் பயந்துகிட்டே வந்தேன் தெரியுமா?" என்றார். "அவர் நெனச்ச சீக்கு நெசமாவே அவருக்கு இருந்திருந்தா, அதே நாற்காலியில உக்காந்து அதையும் நான்தானே சொல்லியிருக்கணும்."

மறுநாள் ஞாயிறு. பூசையில் இரண்டாவது ஓலை வாசித்தார்கள் என்று ரெஜினா போன் செய்து சொன்னார்.

திங்கட்கிழமை நான் பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. மருந்துக் கம்பெனிக்காரர்களிடம் காரணத்தை உள்ளபடி சொன்னதும் அவர்கள் வரும் தேதியைத் தள்ளி வைத்தார்கள். அவ்வளவுதான். மேலாளர் என்னிடம் அதைச் சொல்லும்போது அவர் குரலிலும் ஒரு ஆசுவாசம் இருந்தது. அதற்குப் பிறகு எந்த முடிவையும் எங்கள் ஆட்கள் போனில் சொல்வதில்லை என்றும், முடிவை விளக்கிச் சொல்லும் ஆலோசகர் முதலில் போன பிறகுதான் ஊசி போகும் என்றும் எங்கள் ஒப்பந்தங்களில் சேர்த்தார்கள். சேர்க்கச் சொல்லி விடாப்பிடியாக நின்றது நான் இல்லை, கார்த்திக்.

கல்யாணம் முடிந்து அண்ணாச்சி தானாகவே வந்து ரத்தம் கொடுத்தார். ரெஜினாவும் கொடுத்தார். முதல் முடிவு சரிதான் என்று உறுதியானது. அந்த மருந்து இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. வரலாம், வராமலும் போகலாம். இந்தத் தொழிலில் அப்படித்தான்.

மெர்லின் மட்டும் வேண்டாம் என்றாள். "எனக்குத் தெரிய வேண்டாம் ஆன்ட்டி. தெரிஞ்சு என்ன செய்யப்போறேன்?" மருந்துக் கம்பெனிக்கு மகளின் ரத்தம்தான் மிகவும் வேண்டியிருந்தது. வேண்டாம் என்கிறாள் என்று எழுதி அனுப்பினேன். திரும்பவும் கேட்டுப் பார்க்கலாமே என்று பதில் வந்தது. கேட்கமாட்டேன் என்று எழுதினேன். அத்தோடு விட்டுவிட்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் கண் காட்டப் போயிருந்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். மெர்லின். நிறைமாதம். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஜெனிஸ்டன் அடுத்த மாதம் இறங்குகிறானாம். அப்பா பீடியை விட்டபாடில்லையாம். பிள்ளை உள்ளே சும்மாவே இருக்கமாட்டேன் என்கிறதாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பழைய வேலை புத்தி எங்கே போகும்? பிறக்கப்போகிற பிள்ளைக்கு எத்தனை பங்கு வந்திருக்கும் என்று மனதுக்குள் ஒரு மூலையில் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஒண்ணும் கேக்க மாட்டியளா ஆன்ட்டி?"

"எதை?"

"அதான், ரெத்தம்."

"நீதான் அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிட்டியே பிள்ளே."

அவள் சிரித்தாள். நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"அதான் உங்களத் தூரத்துல பாத்ததும் நானா ஓடி வந்தேன்" என்றாள். "வேற ஆளா இருந்தா அந்தத் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிருப்பேன்."